இருசப்பன் உதடும் அப்பாதுரை வீட்டு ரத்தமும்

இருசப்பனை எனக்கு முதலில் அவன் விசிலால்தான் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் அவன் கண்டக்டர். நான் கீழ்பென்னாத்தூர் தபாலாபீசில் குமாஸ்தா. வீடு திருவண்ணாமலையில் என்பதால் தினமும் அவன் பஸ்தான் எனக்குக் கதி. மற்ற கண்டக்டர்கள் விசில் ஊதுவார்கள். இருசப்பன் விசிலைப் பேச வைப்பான். நிற்கச் சொல்ல ஒரு மாதிரி, கிளம்பச் சொல்ல ஒரு மாதிரி, படியில் தொங்குகிறவனின் பரம்பரையையே திட்ட வேறொரு மாதிரி. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்.

அந்த விசில் பித்தளை. அதன் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அந்தப் பளபளப்புக்குக் காரணம் அவன் தாயார் ரேணுகாம்பாள்.

ரேணுகாம்பாள் அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம் வைத்துக் கடலைக்காய் போட்டுக்கொண்டு, தனி ஆளாக மகனை வளர்த்தவள். நல்ல மனுஷி. ஆனால் எச்சில் என்று ஒரு வார்த்தை உண்டல்லவா, அது அவள் காதில் விழுந்தால் போதும், வீடே இரண்டுபடும். அந்த வீட்டில் டம்ளர் உதட்டில் படக்கூடாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே இருசப்பனை யாரும் முத்தம் கொஞ்ச அவள் விட்டதில்லை. "கன்னத்தைக் கிள்ளுங்க, அது போதும்" என்பாளாம். பாசமாகப் பாதி மாம்பழத்தைக் கடித்துக் கொடுத்த நாத்தனாருடன் அவள் அதன் பிறகு பேசவே இல்லை. நான் ஒருமுறை அங்கே காபியை வாய் வைத்துக் குடித்துவிட்டேன். அந்த டம்ளர் கொல்லைப்பக்கம் போனது. திரும்பி உள்ளே வந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் தெரிந்தது, இருசப்பன் லீவு போட்டால் அவனுடைய விசிலை வேறொருவன் வாங்கிக்கொண்டு போய் ஊதுகிறான் என்று. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் புளி போட்டுத் தேய்த்தாள். மனசு ஆறவில்லை. பிறகு டவுனிலிருந்து பித்தளை பாலிஷ் டப்பா ஒன்றை வரவழைத்தாள். அது முதல் தினமும் காலையில் அந்தப் பாலிஷைத் துணியில் தோய்த்து விசிலின் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, துடைத்து, மகன் கழுத்தில் மாட்டிவிடுவாள். தண்ணீரில் கழுவினால் பளபளப்புப் போய்விடும் என்பதால் கழுவ மாட்டாள். அவனும் சிவனே என்று அதை வாயில் வைத்துக்கொண்டு வந்துவிடுவான்.

இருசப்பனுக்கு ஒரே ஒரு தொல்லைதான். கீழுதட்டில் கொப்புளம் வரும். சின்னச் சின்னதாகக் கிளம்பி, வெடித்து, எரியும். வந்தால் ஊர் வழக்கப்படி அக்கி என்று முடிவு கட்டி, பானை செய்யும் கன்னியம்மாளிடம் போவான். அவள் காவிமண்ணைக் குழைத்து உதட்டுக்குக் கீழே ஒரு சிங்கம் எழுதி, "வெயில்ல போகாத, வூட்லயே இரு, சிங்கம் அக்கியத் தின்னுடும்" என்பாள். அவனும் லீவு போட்டு வீட்டில் இருப்பான். விசில் வேறொருவன் கழுத்தில் போய்விடும். உதடு ஆறிவிடும். சிங்கத்துக்கு நல்ல பெயர் வரும். மறுபடி வேலைக்கு வருவான், விசிலை வாயில் வைப்பான், கொஞ்ச நாளில் மறுபடி கொப்புளம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். படித்தவன் என்று பெயர் வேறு.

இந்த நிலையில் ஆதிலட்சுமி பஸ்ஸில் ஏறினாள். கீழ்பென்னாத்தூர் கடலைக்காய் வியாபாரி அப்பாதுரையின் மகள். டைப்ரைட்டிங் படிக்கத் திருவண்ணாமலைக்கு வந்து போனாள். அவள் வரும் வழியில் தலை தெரிந்தாலே இருசப்பனின் விசில் ஊமையாகிவிடும். அவள் ஏறி, உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகும் பஸ் நிற்கும். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"கண்டக்டரே, நான் ஏறிட்டேன். இன்னும் யாருக்கு வெயிட் பண்றீங்க?"

பஸ் முழுக்கச் சிரித்தது. இருசப்பன் விசிலை ஊதினான். அது எந்த மாதிரியிலும் சேராத ஒரு சத்தம். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அப்போதே நான் முடிவு செய்தேன், இந்தச் சம்பந்தத்தை நாம் பேசி முடித்துவிட வேண்டும் என்று. எனக்குத் தெரிந்து நான் செய்த ஒரே பொதுச்சேவை அதுதான்.

இரண்டு வீட்டிலும் பேசினேன். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் இருசப்பன் உதட்டில் கொப்புளம். வெறும் கொப்புளமாக விட்டிருந்தால்கூட மீசையை இழுத்துவிட்டுச் சமாளித்திருக்கலாம். ரேணுகாம்பாள் அவனைக் கையோடு கன்னியம்மாளிடம் இழுத்துப்போய்விட்டாள். எழுதிய அக்கியைத் தானாக உதிரும்வரை கழுவக்கூடாது. ஆகவே சலவை வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், முகவாயில் ஒரு காவிச் சிங்கம் என்று மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார்.

அப்பாதுரை வாயைத் திறக்கவில்லை. அவருடைய மச்சான் சக்கரபாணி திறந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். தன் மகனுக்கே அவளைக் கட்டிவிடலாம் என்று உள்ளூர நினைப்பு உள்ளவர். பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளம் என்றால் சமையல்கட்டில் வெங்காயம் உரித்தவர். ஆனால் மீசை ஜெனரல் மீசை.

"மாப்பிள்ள மூஞ்சில இன்னா அது, பூனையா?"

"சிங்கம்ங்க" என்றான் இருசப்பன்.

"சிங்கமோ பூனையோ. அடியில இருக்கறது இன்னா?"

"அக்கிங்க. அப்பப்ப வரும்."

"அப்பப்ப வருமா?" சக்கரபாணி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இது ரத்தக் கோளாறுய்யா. பட்டாளத்துல நான் பாக்காததா? போகக்கூடாத எடத்துக்குப் போய்ட்டு வந்தவனுக்குத்தான் இப்படி வரும். அங்க வரிசையா நிக்க வச்சு ரத்தம் எடுப்பாங்க. ரத்தத்தச் சோதிச்சா எல்லாம் புட்டுப் புட்டு வச்சிடும்."

ரேணுகாம்பாள் எழுந்து நின்ற வேகத்தில் தாம்பூலத் தட்டு உருண்டது. "என் புள்ளயா? யாரு தொட்ட டம்ளரையும் தொடாதவன்யா அவன்" என்றாள். அப்பாதுரை அவளைச் சமாதானப்படுத்தி, "சோதிச்சுப் பாத்துட்டுப் பேசிக்கலாம்ங்க. பொண்ணக் குடுக்கறவன் பயப்படறது தப்பா?" என்றார். உள்ளே கதவோரம் நின்ற ஆதிலட்சுமியின் வளையல் சத்தம் அப்படியே நின்றது.

மறுநாள் பஸ்ஸில் விசில் சுரத்தே இல்லை. கூட்டம் குறைந்ததும் இருசப்பன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், அந்தப் பொண்ணு இல்லன்னா நான் இந்தப் பஸ்ஸ விட்டு எறங்கிடுவேன்."

"எறங்கி எங்க போவ?"

"தெரியல சார். அது ஏறின பஸ்ஸுல அது இல்லாம என்னால டிக்கெட் கிழிக்க முடியாது."

சொல்லும்போது அவன் சிங்கத்தின் மேல் கண்ணீர் இறங்கி, வால் கரைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனைப் பார்க்கவும் முடியவில்லை.

அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில் ஒரு சத்திரம். வேலூரிலிருந்து டாக்டர் கஸ்தூரி என்று ஒரு அம்மாள் மாதம் ஒருமுறை அங்கே வந்து தோல் வியாதிக்காரர்களைப் பார்ப்பார். இருசப்பனை அங்கே அழைத்துப் போனேன். சிங்கத்தின் மிச்சத்தை அவர் பொறுமையாகப் பார்த்தார். நடந்ததையெல்லாம் கேட்டார்.

"அந்தப் பட்டாளத்துக்காரர் சொல்றது வேற வியாதி. அதுக்கும் சோதிச்சுடறேன், யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனா உதட்டுக் கொப்புளத்துக்குன்னு தனியா ஒரு சின்னக் கிருமி இருக்கு. அது ஒருதரம் உடம்புல புகுந்துட்டா போகாது, ஒரு மூலையில தூங்கும். அதை எதிர்க்க ரத்தம் ஒரு பொருளைத் தயார் பண்ணும். கிருமி தூங்கினாலும் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல இருந்துகிட்டே இருக்கும். அது இருக்கா இல்லையான்னு எங்களால பார்க்க முடியும். அதைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒப்பிட்டுப் பார்க்கக் கொப்புளமே வராதவங்க ரத்தமும் எனக்கு வேணும். யாராவது குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

இதை நான் அப்பாதுரை வீட்டில் போய்ச் சொன்னேன். ரத்தம் என்றால் பயந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன். நடந்ததோ நேர்மாறு. கெட்ட ரத்தத்தை ஒப்பிட நல்ல ரத்தம் கேட்கிறார்கள், அதுவும் டாக்டரம்மாவே நம் வீட்டைத் தேடிக் கேட்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "சுத்த ரத்தம் எப்டி இருக்கும்னு காட்டிட்டு வரலாம் வாங்க" என்றார் சக்கரபாணி. அடுத்த தடவை டாக்டர் வந்தபோது அப்பாதுரை, அவர் மனைவி, தம்பிமார், அவர்கள் மனைவிமார், ஆதிலட்சுமி என்று குடும்பமே பட்டு உடுத்தி, பூ வைத்து, போட்டோ பிடிக்கப் போகிற மாதிரி பஸ்ஸில் ஏறியது. டிக்கெட் கொடுத்தவன் இருசப்பன்தான். தன்னைக் குற்றவாளியாக்கப் போகும் கூட்டத்துக்கு அவன் ஜன்னலோரத்து இடமாகப் பார்த்துப் பார்த்து உட்கார வைத்தான்.

சத்திரத்தில் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தவர் சக்கரபாணி. ஊசி உள்ளே போனதும் ஜெனரல் மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது. பெஞ்சில் படுக்க வைத்து விசிறினோம். என்னையும் விடவில்லை, நானும் கொடுத்தேன். ரேணுகாம்பாள் மட்டும் ஊசியைக் காட்டி, "இது இதுக்கு முன்ன யார் யார் ஒடம்புல போயிருக்குது?" என்று கேட்டாள். கொதிக்க வைத்தது என்றார்கள். தன் கண்ணால் பார்க்கக் கொதிக்க வைக்கச் சொன்னாள். கொதித்ததையும் பார்த்துவிட்டு, "எதுக்கும் நான் வரல" என்று போய்விட்டாள்.

அடுத்த மாதம் டாக்டர் வந்த அன்று பௌர்ணமி. மலை சுற்றும் கூட்டம் பாதை நிறைய. சத்திரத்துக்கு வெளியே ஒரு கோலி சோடாக் கடைகூட முளைத்திருந்தது. உள்ளே இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"எல்லார் முன்னாலயும் சொல்லுங்கம்மா. ஒளிக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்றார் சக்கரபாணி.

"எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டாதிருந்தவன் இருசப்பன் ஒருவன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல பட்டாளத்து வியாதி. அது இங்க யாருக்கும் இல்லை."

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. எல்லாரும் இருசப்பனைப் பார்த்தோம். பெருமூச்சு விட்டவர் சக்கரபாணி.

"அடுத்தது உதட்டுக் கொப்புளக் கிருமி. ரத்தம் குடுத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட மட்டும் வித்தியாசம் இருக்கு."

"அது யாருன்னு தெரிஞ்ச கதைதானே" என்றார் சக்கரபாணி, அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு.

"ஆமா, இருசப்பன்தான். அவர் ரத்தத்துல அது இல்லை. மத்த எல்லார் ரத்தத்துலயும் இருக்கு."

வெளியே சோடா உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரத்தம் மாறிப் போயிருக்கும்" என்றார் சக்கரபாணி.

"மாறலைங்க. ரெண்டு தடவை பார்த்தேன். கேட்டதால சொல்றேன், உங்களுக்குத்தான் ஜாஸ்தி."

டாக்டர் அவசரமாக விளக்கினார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஊரில் ரத்தம் எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் யாரோ கொஞ்சிய முத்தத்தில் வந்திருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது. அவர் சொல்லச் சொல்ல அப்பாதுரை வீட்டுப் பெண்கள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் இருந்தது. எனக்கு வருத்தமில்லை. என்னை யாரோ கொஞ்சியிருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான்.

"அப்போ என் உதட்டுல வர்றது இன்னாங்க?" என்றான் இருசப்பன்.

டாக்டர் அவன் கழுத்திலிருந்த விசிலை எடுத்தார். பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தார்.

"இதை எதுல தேய்க்கறீங்க?"

ரேணுகாம்பாள் பெருமையாகச் சொன்னாள். பாலிஷ் டப்பா, துணி, காலை வேளை, கழுவாத பளபளப்பு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மா, அது பாத்திரத்துக் கறையையே தின்கிற சரக்கு. உதட்டை விடுமா? இனிமே தண்ணியில கழுவிக் குடுங்க, போதும். கொப்புளம் வராது."

வேறொரு தாயாக இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள். ரேணுகாம்பாளின் காதில் அந்தப் பகுதி ஏறவே இல்லை. தன் பிள்ளை ரத்தம் சுத்தம், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற அத்தனை ரத்தமும் எச்சில் ரத்தம் என்பது மட்டும் ஏறியது. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சார், எங்க ஜாதகத்தத் திருப்பி வாங்கிக் குடுத்துடுங்க."

"என்னம்மா இது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்றேன்.

"எது முடிஞ்சுது? அவங்க வூட்டுப் பொண்ணு ரத்தத்துல அது இருக்குது. எம்புள்ளக்கி இல்ல. நாளைக்கு ஒரே எலையில ரெண்டு பேரும் சாப்புடுவாங்க. நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

அப்பாதுரை கையைப் பிசைந்தார். "பத்துல ஒம்பது பேருக்கு இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களேம்மா."

"அந்தப் பத்தாவது ஆளு எம்புள்ள. பத்தாவதா ஒரு பொண்ணத் தேடிக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன மாதம் அவர்கள் செய்த அதே காரியத்தை இந்த மாதம் இவள் செய்கிறாள். சுத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும், மனிதர்களுக்குப் பக்கத்தில் இருப்பவன் மனிதனாகத் தெரியமாட்டான். இருசப்பன் தாயைப் பார்த்தான், அப்பாதுரையைப் பார்த்தான். குற்றவாளியாக இருந்தபோது இருந்ததைவிட அவன் முகம் இப்போதுதான் செத்திருந்தது. பிறகு வெளியே நடந்தான். என்னவோ ஏதோ என்று எல்லாரும் பின்னால் போனோம்.

ஆதிலட்சுமி சோடாக் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வெளியே வந்துவிட்டிருந்தாள். கையில் பாதி குடித்த சோடா. கண் சிவந்திருந்தது. இருசப்பன் நேராக அவள் எதிரே போய் நின்றான்.

"அதக் குடு."

"எச்சில்" என்றாள் அவள்.

"தெரியும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ரேணுகாம்பாளைப் பார்த்தாள். பாட்டில் வாயைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே நீட்டினாள்.

பிறந்தது முதல் விசிலைத் தவிர வேறெதிலும் உதடு வைத்தறியாதவன் இருசப்பன். வாய் வைத்துக் குடிக்கவே அவனுக்குத் தெரியவில்லை. முதல் மடக்கு மூக்கில் ஏறியது, இரண்டாவது சட்டையில் போனது. கோலி வேறு பாட்டில் கழுத்தில் வந்து அடைத்தது. மலை சுற்ற வந்த ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. அவன் விடவில்லை. உதட்டை நன்றாக அழுத்தி வைத்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்தான். பிறகு தாயிடம் வந்தான்.

"இப்போ எனக்கும் வந்துடுச்சும்மா. இனிமே அவங்க வேற, நாம வேற இல்ல."

என் பக்கத்தில் நின்ற டாக்டர் மெதுவாக, "கொப்புளம் இல்லாதப்ப ஒரு சோடாவுல அநேகமா ஒட்டாது" என்று ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அத மட்டும் இப்ப சொல்லாதீங்க" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். படித்தவர், புரிந்துகொண்டார்.

கல்யாணமாகாத ஒரு பெண்ணின் எச்சிலை ஊரறியக் குடித்தவனுக்கு வேறு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? அவளை வேறு யார் கட்டுவார்கள்? இது அங்கே நின்ற எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. சக்கரபாணி மீசையைத் தடவிக்கொண்டே கூட்டத்தோடு கூட்டமாக மலை சுற்றப் போய்விட்டார். ரேணுகாம்பாள் சத்திரத்துப் படியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"பாட்டிலயாச்சும் கழுவிட்டுக் குடிச்சிருக்கலாம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. விசில் தண்ணீரில் கழுவப்பட்டு மங்கிப்போனது, உதடு பிழைத்தது. கன்னியம்மாள் மட்டும், தன் சிங்கம் மெதுவாக வேலை செய்யும் ஜாதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருசப்பனுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆதிலட்சுமி தன் டைப்ரைட்டிங்கை முடித்து, கீழ்பென்னாத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு அதே பஸ்ஸில் போய் வந்தாள். அவள் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்யும்வரை பஸ் அப்போதும் நின்றது.

சில வருஷங்கள் கழித்து ஒரு கார்த்திகைப் பனியில் இருசப்பனுக்குக் காய்ச்சல். லீவு முடிந்து வந்தவன் பஸ் கிளம்பும் முன் என் பக்கத்தில் வந்து குனிந்து உதட்டைக் காட்டினான். மேலுதட்டின் ஓரத்தில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள், காய ஆரம்பித்திருந்தன.

"வந்துடுச்சு சார்" என்றான். தீபாவளிக்குப் புதுச் சட்டை காட்டுகிற முகம்.

"மறுபடியும் பாலிஷா?"

"இல்ல சார். டாக்டரம்மாகிட்ட காட்டினேன். இதுதான் அசல்னாங்க. காயற வரைக்கும் கொழந்தைக்கி முத்தம் குடுக்காத, விசிலும் ஊதாதன்னாங்க."

"அம்மா பாத்தாங்களா? இன்னா சொன்னாங்க?"

"கிட்ட வந்து பாத்தாங்க சார். அப்புறம், சம்பந்தி வூட்டுச் சீர்ல இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதுவும் வந்து சேந்துடுச்சுன்னாங்க. எரியுதாடான்னு கேட்டாங்க. வெண்ணைய வெரல்ல எடுத்து, அவங்க கையாலயே உதட்டுல தடவி வுட்டாங்க."

"கையக் கழுவினாங்களா?"

இருசப்பன் யோசித்தான். "மறந்துட்டாங்க சார்" என்றான். பிறகு படிக்குப் போய்ப் பஸ்ஸின் பக்கத்தகட்டைக் கையால் தட்டினான். டிரைவர் புரிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.